வெள்ளி முத்திரைக் காசுகள்: எப்படிப் பார்ப்பது, எப்படி வகை பிரிப்பது, எங்கே ஏமாறுகிறோம்

கேள்வி சுருக்கமாக இது: "பழைய பொருள் விற்பவரிடம் 11 வெள்ளிக் காசுகள் வாங்கினேன். ஒழுங்கில்லாத சதுரம். ஒரு பக்கம் மட்டும் குத்துக் குத்தாகச் சின்னங்கள். அசோகர் காலம் என்று சொல்லித் தந்தார். எடை 2.7 கிராமிலிருந்து 3.4 கிராம் வரை இருக்கிறது. இரண்டு காசுகள் அச்சு அசலாக ஒரே மாதிரி. ஒன்றின் ஓரத்தில் செம்பு நிறம் தெரிகிறது. கறுப்பு போகப் புளி போட்டுத் தேய்க்கலாமா? இவை உண்மையானவையா, எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

புளியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் பிறகு வந்துகொள்ளலாம், இதற்கு மட்டும் திரும்பி வர வழியில்லை. தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, திருநீறு, பற்பசை, நகைக்கடைப் பாலிஷ் எதுவும் வேண்டாம். இந்தக் காசுகள் சுத்த வெள்ளி அல்ல, செம்பு கலந்தவை. புளியின் அமிலம் மேற்பரப்பிலுள்ள செம்பை அரித்து எடுத்துவிட்டு, நுண்துளைகளோடு ஒரு வெளிறிய வெள்ளித் தோலை மிச்சம் வைக்கும். திருநீறும் பற்பசையும் உராய்ந்து எடுப்பவை. அவற்றில் முதலில் போவது பின்புறத்தில் மெலிதாகக் குத்தப்பட்ட சின்னஞ்சிறு முத்திரைகள், அதாவது வகை பிரிக்க நமக்குத் தேவையான சான்று. இன்னொன்று, 2000 ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். பார்க்கக் கெட்டியாகத் தெரியும், விரலால் அழுத்தி வளைத்தால் அப்பளம் போல ஒடியும். தரையில் போட்டு ஓசை கேட்கும் பழக்கமும் அதனால்தான் கூடாது.

செய்யக்கூடியது இவ்வளவே: காய்ச்சி வடித்த நீரில் ஊற வையுங்கள், தினமும் நீரை மாற்றுங்கள், நான்கைந்து நாள் கழித்து மிக மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் தள்ளிவிடுங்கள். பள்ளத்தில் ஒட்டியிருப்பதை மூங்கில் குச்சியின் நுனியால் எடுக்கலாம், ஊசியால் கூடாது. துணியால் துடைக்காமல் ஒற்றி எடுத்து நிழலில் உலர விடுங்கள். கறுப்பு என்பது வெள்ளி சல்பைடு, அது காசுக்குக் கேடில்லை. பச்சை என்பது கலவையிலிருந்த செம்பு வெளியே வந்தது. மெழுகு போலச் சாம்பல் நிறத்தில் தடித்துப் படிந்திருப்பது வெள்ளிக் குளோரைடு, அதற்குள் சில சமயம் முத்திரையின் கோடுகளே சிக்கியிருக்கும். அதில் கைவைக்காமல் உலோகப் பாதுகாப்புப் பயிற்சி உள்ளவரிடம் கொடுங்கள்.

இனி காசு. கார்ஷாபணம் என்றும் பாலி நூல்களில் கஹாபணம் என்றும் சொல்லப்படுவது இதுதான். அளவு 32 ரத்தி. ரத்தி என்பது நம் குன்றிமணி, ஒன்று ஏறக்குறைய 0.11 கிராம். கணக்குப்படி மூன்றரை கிராம் வர வேண்டும், கையில் கிடைப்பவை பெரும்பாலும் 3.0 முதல் 3.5 வரை நிற்கும். வெள்ளியைத் தகடாக அடித்து, பட்டையாக வெட்டி, பட்டையைத் துண்டுகளாக நறுக்கி, எடை கூடுதலாக இருந்தால் மூலையைக் கத்தரித்து, பிறகு ஒவ்வொரு முத்திரையாகக் குத்தினார்கள். ஒழுங்கில்லாத வடிவம் கைத்திறன் குறைவால் வந்ததில்லை. வடிவத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எடையை மட்டும் பிடித்த பட்டறையின் முறை அது. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் வெள்ளிப் பணத்துக்குச் சொல்லும் கலவை 16 பங்கில் 4 பங்கு செம்பு, 1 பங்கு இரும்பு, வெள்ளீயம், காரீயம், அஞ்சனம் இவற்றில் ஒன்று, மீதி 11 பங்கு வெள்ளி. நடைமுறையில் பல காசுகளில் வெள்ளி இதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ஆனாலும் 'சுத்த வெள்ளி' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அதைச் சந்தேகத்துக்கு உரிய அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வகை பிரிப்பதில் எல்லாரும் செய்யும் தவறு, கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ஒரு சின்னத்தைப் பிடித்துக்கொள்வது. "யானை இருக்கிறது, இது இன்ன வகை" என்று சொல்லவே முடியாது. யானை பல பத்து வகைகளில் வரும். மகத, மௌரியப் பேரரசுத் தொடரின் காசுகளில் முன்புறம் ஐந்து முத்திரைகள் இருக்கும். அந்த ஐந்தும் சேர்ந்த கூட்டுதான் வகை. நான்கு ஒத்துப்போய் ஐந்தாவது மாறினால் அது வேறு வகை. ஒரு சொல்லை ஓர் எழுத்தை வைத்து யாரும் படிப்பதில்லை, இதுவும் அப்படித்தான்.

படிக்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் எடை, 0.01 கிராம் வரை காட்டும் தராசில். பிறகு நீளம், அகலம், தடிமன். பிறகு ஒளி: மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தேய்ந்த முத்திரை தெரியாது. ஒரே ஒரு விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்து, காசைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நான்கு படங்கள் எடுங்கள். ஒரு கோணத்தில் காணாமல் போன கோடு இன்னொன்றில் எழுந்து நிற்கும். ஐந்து முத்திரைகளும் தனித்தனியே குத்தப்பட்டதால் ஒவ்வொன்றுக்கும் 'மேல்' என்பது வேறு வேறு திசை. காசை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு பார்த்தால் தலைகீழாக நிற்கும் காளை வெறும் கோடுகளாகத்தான் தெரியும்.

முதலில் சூரியனைத் தேடுங்கள். நடுவில் வட்டம், சுற்றிலும் கதிர்கள். அடுத்து ஆறுகரச் சின்னம்: நடுவில் புள்ளியுள்ள வட்டம், அதிலிருந்து மூன்று அம்புகள், அம்புகளுக்கு இடையில் வேறு மூன்று உருவங்கள். பேரரசுத் தொடரில் இவ்விரண்டும் ஏறக்குறைய எப்போதும் இருக்கும். ஆகவே சூரியன் வகையைச் சொல்லாது. ஆனால் ஆறுகரச் சின்னத்தில் அம்புகளுக்கு இடையே இருப்பது முட்டை வடிவமா, வட்டத்தின் மேல் கொம்பு வைத்த காளைத்தலைக் குறியா, வேறெதாவதா என்பது மிக முக்கியம். எந்தத் தொடர், அதாவது காலவரிசையில் எந்தக் குழு என்பதற்கு அதுவே முதல் வழிகாட்டி. அந்தச் சின்னத்தை மட்டும் பெரிதாக்கித் தனியாக ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மீதி மூன்றில்தான் வேலை. பிறை சூடிய மூன்று வளைவுக் குன்று, வேலிக்குள் மரம், குன்றின் மேல் மயில், குன்றின் மேல் முயல் அல்லது நாய், காளை, யானை, மீன்கள் உள்ள குளம், ஆமை, இவை அடிக்கடி வருபவை. ஒவ்வொன்றையும் தாளில் வரைந்து பாருங்கள். தெரிந்த கோட்டை அழுத்தமாகவும், ஊகித்த கோட்டைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள். கண் எப்போதும் தெரிந்த உருவத்தை இட்டு நிரப்பிக்கொள்ளும், கை அவ்வளவு எளிதில் நிரப்பாது. அதனால்தான் படம் எடுத்த பிறகும் வரையச் சொல்கிறேன்.

இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. விளிம்பில் பாதி வெட்டுப்பட்ட ஆறுகரச் சின்னத்தின் ஒற்றை அம்பைத் தனி முத்திரையாக எண்ணிவிடுவது. ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இரண்டு முத்திரைகளை ஒரே புதுச் சின்னமாகப் படிப்பது. அப்படிப் படிந்திருந்தால் எது மற்றதன் கோட்டை வெட்டிக்கொண்டு போகிறதோ அதுதான் பின்னால் குத்தியது. தேய்ந்த யானையைக் காளை என்று எடுப்பது. உடலைவிட்டுத் தலைப்பக்கம் பாருங்கள், தும்பிக்கை தரையை நோக்கி இறங்கும். கடைசியாக, முன்புறத்தில் ஆறாவதாக ஒன்று தென்பட்டால் குழம்ப வேண்டாம். அது மற்றவற்றைவிடச் சிறிதாகவும் மேலோட்டமாகவும் இருந்தால் புழக்கத்தின்போது யாரோ பரிசோதித்துக் குத்திய குறி.

இந்தப் பரிசோதனைக் குறிகள் பெரும்பாலும் பின்புறத்தில் இருக்கும். காசு கைமாறும்போது சராபுகள் (நாணயம் மாற்றுபவர்கள்), வணிகர்கள் சரிபார்த்து இட்டவை என்று கருதப்படுகின்றன. நாணயம் பார்த்துச் சொல்பவரைத் தமிழில் வண்ணக்கன் என்றார்கள். சங்கப் புலவர்களில் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் போன்றோர் பெயரிலேயே அந்தத் தொழில் நிற்கிறது. கணித மேதை டி. டி. கோசம்பி தட்சசீலத்துக் காசுகளை எடைபோட்டு, பின்புறக் குறிகள் கூடக்கூடச் சராசரி எடை குறைந்துகொண்டே போவதைக் காட்டினார். குறி கூடினால் புழக்கம் கூடியது, புழக்கம் கூடினால் தேய்மானம் கூடியது. எனவே உங்களிடம் உள்ள 2.7 கிராம் காசின் பின்புறம் குறிகள் நிறைந்து, முன்புறம் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் அந்த எடை இயல்பே. பின்புறம் வெறுமையாக, முன்புறம் கூர்மையாக இருந்து 2.7 என்றால்தான் யோசிக்க வேண்டும்.

பின்புறம் காலத்தையும் சொல்லும். முந்தைய தொடர்களில் தகடு மெல்லியது, அகலம் 25 மில்லிமீட்டர் அளவுக்குப் போகும், முத்திரைகள் பெரியவை, பின்புறம் பல சிறு குறிகள். பிந்தைய தொடர்களில் காசு சிறுத்துத் தடிக்கிறது. முத்திரை சிறிதாகி அடுத்தடுத்து நெருக்கமாக விழுகிறது. பின்புறத்தில் பெரும்பாலும் ஒரே ஓர் அழுத்தமான முத்திரை, அது அரசுப் பட்டறையே இட்டதாக இருக்க வேண்டும்.

வரைந்த ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு அட்டவணைக்குப் போங்கள். பி. எல். குப்தாவும் டி. ஆர். ஹார்டேகரும் சேர்ந்து 1985-இல் நாசிக் அருகிலுள்ள நாணயவியல் ஆய்வு நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட தொகுப்புதான் இன்று எல்லாரும் பயன்படுத்துவது. 2014-இல் திருத்திய பதிப்பு வந்தது. ஏலப் பட்டியல்களில் 'குப்தா-ஹார்டேகர் எண்' என்று வருவது இதிலிருந்துதான். தொடர் எண், அதற்குள் ஐந்து முத்திரைக் கூட்டுக்கு ஒரு வகை எண். மூன்று முத்திரைகள் உறுதியாகவும் இரண்டு ஊகமாகவும் இருந்தால் வகை எண் எழுதாதீர்கள். 'தொடர் 6, வகை உறுதியில்லை' என்று எழுதுவதில் குறைச்சல் ஒன்றுமில்லை. தவறான எண்ணை எழுதி வைத்தால் அது அடுத்தவர் கைக்குப் போகும்போது உண்மையாகிவிடும்.

அசோகர் விஷயத்துக்கு வருவோம். இந்தக் காசுகளில் எழுத்து கிடையாது, அரசன் பெயர் கிடையாது. 'பிம்பிசாரர் காசு', 'அஜாதசத்ரு காசு' என்று போடும் சீட்டுகள் எல்லாம் விலைக்காகப் போடுபவை. தொடர்களின் முன்பின் வரிசையை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். மௌரியரோடு சேர்ப்பதற்கும் நல்ல காரணம் இருக்கிறது. பிறை சூடிய குன்று, கோரக்பூர் மாவட்டத்தில் கிடைத்த, மௌரியர் காலத்தது என்று கருதப்படும் சோகௌரா செப்புத் தகட்டிலும் இருக்கிறது. ஆனால் மௌரியர் காலம் என்பதிலிருந்து அசோகர் என்ற ஒருவர் பெயருக்குத் தாவ எந்தச் சான்றும் இல்லை. பெயருக்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

ஐந்து முத்திரைக் கூட்டுக்குள் அடங்காதவை ஜனபதக் காசுகள், அதாவது தனித்தனி நாடுகள் வெளியிட்டவை. இவற்றைப் பேரரசு அட்டவணையில் தேடிப் பயனில்லை. காந்தாரத்து வளைந்த கம்பிகள் பார்த்த உடனே தெரியும்: 11 கிராம் அளவு கனம், சற்றே வளைந்த பட்டை, உட்குழிந்த பக்கத்தின் இரு முனைகளிலும் ஒவ்வோர் ஆறுகரச் சின்னம். காசிக் காசுகள் சிறு கிண்ணம் போலக் குழிந்தவை. சௌராஷ்டிரத்தவை மிகச் சிறியவை, ஒரு கிராம் அளவில் நிற்கும், பழைய முத்திரை மேலேயே புது முத்திரை விழுந்து படிக்கச் சிரமம் தருபவை. தெற்கே வந்தால், பின்புறம் இரண்டு வளைகோடுகளால் ஆன மீன் உருவம் கொண்ட காசுகளைப் பாண்டியரோடு சேர்க்கிறார்கள். போடிநாயக்கனூரில் இவை புதையலாகவே கிடைத்திருக்கின்றன. கீழடியிலும் ஏழாம் கட்ட அகழாய்வில் ஒரு வெள்ளி முத்திரைக் காசு வந்தது. எனவே தமிழ்நாட்டில் கைக்கு வரும் காசுகளின் பின்புறத்தை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். அந்த மீன் தேய்ந்தால் வெறும் கீறல் போலத்தான் தெரியும்.

போலிகள். உங்கள் அச்சு அசலான இரட்டைக் காசுகள் இரண்டுமே போலி என்று பார்க்காமலே பெருமளவு உறுதியாகச் சொல்லலாம். ஐந்து தனி முத்திரைகளைக் கையால் ஐந்து முறை குத்தினால், அதே கோணத்தில், அதே இடைவெளியில், அதே விளிம்பு வெட்டோடு இன்னொரு காசு வர வாய்ப்பே இல்லை. ஒரு மூலக்காசிலிருந்து அச்சு எடுத்து வார்த்தவை அவை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சில் பாருங்கள்: வார்ப்பில் பள்ளங்களின் அடியில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும், கோடுகளின் ஓரம் சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கும், விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய இணைப்புக் கோடோ அதை அராவிய தடமோ இருக்கும். உண்மைக் காசின் விளிம்பில் உளி பாதி தூரம் வெட்டிய வழுவழுப்பும், மீதியைப் பிய்த்து எடுத்த சொரசொரப்பும் தெரியும். போலி செய்பவர்கள் விளிம்பில்தான் அதிகம் அக்கறை காட்டுவதில்லை.

இரண்டாவது வகைப் போலியில் ஐந்து முத்திரைகளையும் ஒரே அச்சில் வெட்டி ஒரே அடியில் அடித்திருப்பார்கள். ஐந்தும் ஒரே ஆழத்தில் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் உலோகம் நசுங்கி ஒதுங்கிய தடம் இருக்காது. உண்மையான காசில் ஒரு முத்திரை ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் சாய்ந்து விழுந்திருப்பது சாதாரணம். மெல்லிய தகடானால் அடியின் வேகம் பின்புறத்தில் லேசான புடைப்பாகத் தெரியும். மூன்றாவது வகைதான் ஆபத்தானது: உண்மையான, ஆனால் தேய்ந்து வெறுமையான பழைய காசில் புதிதாக அரிய முத்திரைகளைக் குத்துவது. எடை சரி, கலவை சரி, விளிம்பு சரி. காட்டிக்கொடுப்பது மேற்பரப்பில் காலப்போக்கில் படிந்த படலம் மட்டுமே. முத்திரையின் பள்ளம் பளபளவென்றும் சுற்றியுள்ள பரப்பு பழையதாகவும் இருந்தால் நேற்றைய குத்து.

கலவையைச் சோதிக்கக் காசை உரைகல்லில் உரசத் தேவையில்லை, அடர்த்தி பார்த்தால் போதும். தராசில் ஒரு சிறு கிண்ணம் நீர் வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் முழுதும் நீரில் மூழ்குமாறு தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய நீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 3.36 கிராம் காசு 0.33 காட்டினால் 10.18, நல்லது. சுத்த வெள்ளி 10.49, செம்பு 8.96. 80 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு என்றால் 10.14 வரும். 3.10 கிராம் காசு 0.34 காட்டினால் 9.1, உள்ளே பெரும்பகுதி செம்பு. 10.5-க்கு மேல் போனால் காரீயம் சேர்ந்திருக்க வேண்டும். காற்றுக் குமிழி ஒட்டினால் கணக்குக் கெடும், நீரில் ஒரு துளி சோப்பு விடுங்கள். இவ்வளவு சிறிய காசுக்கு 0.01 கிராம் தராசில் ஏற்படும் பிழையே மூன்று விழுக்காடு. ஆகவே ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள், முடிந்தால் 0.001 காட்டும் தராசு தேடுங்கள். இந்தச் சோதனை செம்புக் கருவைப் பிடிக்கும். நல்ல வெள்ளியில் வார்த்த போலியைப் பிடிக்காது, அதற்கு லென்சுதான்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உள்நாட்டில் வைத்திருக்கலாம். தொல்பொருள் வணிகம் செய்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். மண்ணில் கிடைத்ததென்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எனவே ரசீதில்லாமல் 'வயலில் கிடைத்தது' என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள். இது சட்டப் பயத்துக்காக மட்டும் சொல்வதல்ல. தட்சசீலத்தின் பீர் மேட்டில் 1924-இல் கிடைத்த குவியலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முத்திரைக் காசுகளோடு அலெக்சாண்டரின் நாணயங்கள் இரண்டும் அவருக்குப் பின் அரசரான பிலிப் அரிடேயசின் நாணயம் ஒன்றும் புத்தம்புதிதாக இருந்தன. பிலிப் கி.மு. 317-இல் இறந்தவர். அந்த மூன்றும் கூடவே இருந்ததால்தான், அக்குவியலில் இருந்த முத்திரைக் காசு வகைகள் அந்தக் காலத்துக்குள் புழக்கத்துக்கு வந்துவிட்டன என்று சொல்ல முடிந்தது. யாராவது அழகான காசுகளை மட்டும் பிரித்து விற்றிருந்தால் அந்தத் தேதி நமக்குக் கிடைத்தே இருக்காது. ஒரே இடத்திலிருந்து வந்த காசுகளை, தேய்ந்ததையும் உடைந்ததையும் சேர்த்து, ஒன்றாகவே வையுங்கள்.

சேர்க்கத் தொடங்குபவர் அரிய வகையைத் துரத்த வேண்டாம். சாதாரணமாகக் கிடைக்கும் பிந்தைய தொடர்க் காசுகள் ஐந்தாறு, ஐந்து முத்திரைகளும் தெளிவாக உள்ளவை, முதலில் போதும். கண் பழகுவதற்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு காசையும் அமிலமற்ற தாள் உறையில் தனியே போட்டு, வெளியே எடை, அளவு, தடிமன், ஐந்து முத்திரைகளின் வரைபடம், பின்புறக் குறிகளின் எண்ணிக்கை, வாங்கிய இடம், நாள், விலை எழுதுங்கள். மலிவான பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துப் பச்சை படியவைக்கும். ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

மிச்சம் இருப்பது ஓரத்தில் செம்பு தெரியும் அந்தக் காசு. அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். செம்புத் துண்டுக்கு வெள்ளித் தோல் போர்த்தி முத்திரை குத்திய கள்ளப்பணம் அந்தக் காலத்திலேயே இருந்தது. வெள்ளித் தோல் கிழிந்த இடத்தில் பச்சையோ சிவப்போ கெட்டியாக, தோலுக்கு அடியிலிருந்தே வளர்ந்து வெளியே வந்திருந்தால் அது பழைய கள்ளக்காசு. செம்பு பளபளவென்று புதிதாக, மேலே வெள்ளி மெல்லிய பூச்சாக மட்டும் இருந்தால் இன்றைய பட்டறை வேலை. பழையதாக இருந்தால் அதன் பின்புறத்தைப் பாருங்கள். அங்கேயும் பரிசோதனைக் குறிகள் இருந்தால், எத்தனை வண்ணக்கர்களின் கண்ணைத் தப்பி அது கைமாறியது என்பதை எண்ணி அட்டையில் எழுதி வையுங்கள்.